ஜாக்கெட்டுக்கு முன் மணிக்கட்டு: ஸ்னோபோர்ட் பழகப் போகும் திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சுவிட்சர்லாந்தில் அண்ணா வீட்டுக்குப் போன முதல் பயணத்தில், பனிச்சரிவில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டில் ஏறி ஒன்றரை மணி நேரம் ஆவதற்குள் என் இடது மணிக்கட்டு முறிந்தது. அந்த நேரத்தில் என் உடம்பில் என்னென்ன இருந்தன என்று சொல்கிறேன். அண்ணி வாங்கித் தந்த விலை கூடிய ஜாக்கெட். அதற்குள் நுவரெலியாச் சுற்றுலாவுக்கென்று வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். அதற்குள் பருத்தி பெனியன். டெனிம் காற்சட்டைக்கு மேல் இரவல் வாங்கிய பனிக் காற்சட்டை. வாடகைக் கடைக்காரர் கட்டாயப்படுத்தித் தந்த தலைக்கவசம். மணிக்கட்டில் கோணேசர் கோயிலில் கட்டிய சிவப்பு நூல். அந்த மணிக்கட்டுக்கு வேறு காவல் எதுவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை ஐந்து நாள் பனியில் நின்றேன், நூறு தடவையாவது விழுந்திருப்பேன், எலும்பெல்லாம் முழுசாகத் திரும்பி வந்தேன். இரண்டு பயணத்துக்கும் இடையில் எனக்குத் திறமை ஒன்றும் கூடவில்லை. சாமான்கள்தான் மாறின.

திருகோணமலையில் சுவிஸ், கனடா, நோர்வே என்று ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. பிள்ளைகள் போகிறார்கள், போய் இரண்டாவது கிழமையே மச்சான்மார் மலைக்குக் கூட்டிப் போகிறார்கள். குளிருக்கு என்ன உடுப்பது என்று ஊரே புத்தி சொல்லும். விழுந்தால் எது தாங்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். விலைகளெல்லாம் நான் சுவிஸில் கண்டவை, ஃபிராங்கில். அன்றைய மாற்று விகிதத்தால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். பெருக்கும்போது உட்கார்ந்துகொண்டு பெருக்குங்கள்.

1. ஊரில் இருக்கும்போதே அளவெடுங்கள்

தையல்காரரிடம் இருக்கும் அளவு நாடா ஒன்று போதும். எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு.

தலை: புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்கு மேலாகச் சுற்றி, சென்ரிமீற்றரில். தலைக்கவசங்கள் 52 முதல் 55 வரை, 55 முதல் 59 வரை என்று வீச்சாக வரும். என் தலை 55. இப்படி எல்லையில் நிற்பவர்கள் இரண்டு அளவையும் போட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கை: பெருவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி. மணிக்கட்டுக் காப்புக்கும் (விழும்போது மணிக்கட்டைத் தாங்கும், தகடு வைத்த உறை) கையுறைக்கும் இந்த அளவைத்தான் கேட்பார்கள்.

இடுப்பும் பின்புறமும்: பஞ்சு வைத்த உள்காற்சட்டைக்கு.

பாதம்: சுவரில் குதிகால் படும்படி ஒரு தாளின் மேல் நின்று, பெருவிரல் நுனியில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது. பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். இங்கே செருப்புக் கடையில் சொல்லும் எண் அங்கே உதவாது. ஸ்னோபோர்ட் சப்பாத்துகளுக்குப் பாதத்தின் நீளமே அளவு.

இன்னொரு விடயம். வாடகைப் படிவத்தில் உயரம், எடை, சப்பாத்து அளவு ஆகியவற்றோடு எந்தக் கால் முன்னால் என்றும் கேட்பார்கள். நான் அந்த இடத்தில் பேந்தப் பேந்த விழித்தேன். வீட்டு விறாந்தையில் வழவழப்பான சீமெந்துத் தரை இருந்தால், காலுறையோடு நாலடி ஓடி வழுக்கிப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான் உங்கள் முன்கால். இடது என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. இரண்டில் எதுவும் குறைவில்லை. அம்மா பார்த்தால் மட்டும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அளவுகளை அங்கே உள்ள உறவினருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். மலிவாக வாங்கும் காலம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒன்பதாவது பகுதியில் சொல்கிறேன்.

2. காப்புறுதி: கையெழுத்திடும் முன் விலக்குகளைப் படியுங்கள்

முறிந்த எலும்பு ஆறு கிழமையில் பொருந்தியது. அதற்கு வந்த பில்லை அடைக்க அதைவிட அதிக காலம் பிடித்தது.

சுவிஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். நானும் கொழும்பில் ஒன்றை எடுத்தேன். விசாவும் கிடைத்தது. அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டேன். விசாவுக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஒரு பக்கம். முழு ஒப்பந்தம் பல பக்கம். அந்தப் பல பக்கங்களில், விலக்கப்பட்டவை என்ற தலைப்பின் கீழ், மலையேற்றத்துக்கும் பரசூட்டுக்கும் நடுவில் 'குளிர்கால விளையாட்டுகள்' என்று இருந்தது. வைத்தியசாலை பில்லை அண்ணா கட்டினார். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஸ்னோபோர்ட் விளையாட்டில் ஏற்படும் காயம் உள்ளடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'பிரச்சினை இல்லை, எல்லாம் இருக்கிறது' என்று தொலைபேசியில் சொன்னால் அதை நம்பாதீர்கள். மேலதிகக் கட்டணம் கட்டி, குளிர்கால விளையாட்டுச் சேர்க்கை ஒப்பந்தத்திலேயே அச்சாகி வர வேண்டும். கூடவே நான்கு கேள்விகளையும் கேளுங்கள். மலைச்சரிவிலிருந்து கீழே கொண்டுவரும் செலவும் ஹெலிகாப்டர் செலவும் அடங்குமா? அடையாளமிட்ட சறுக்குப் பாதைக்கு வெளியே நடந்தால் என்ன? தலைக்கவசம் அணியாவிட்டால் இழப்பீடு குறையுமா? நான் இன்னொருவர் மேல் மோதி அவருக்குக் காயம் ஏற்பட்டால் யார் கட்டுவது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர்தான் மற்றவர் மேல் போய் விழுவார்.

நேரக் கணக்கும் முக்கியம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆகப் பிந்தினால் 15 நாள் முன். காப்புறுதி விண்ணப்பத்தோடு போக வேண்டும் என்பதால், இந்தக் கேள்விகளை அதற்கும் முந்தி முடித்துவிட வேண்டும். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், காலையில் அரைத் தூக்கத்தில் முதலில் கண்ட பத்திரத்தில் கையெழுத்திடுவது என் வழி. அந்த வழியில் வராதீர்கள்.

காயம் ஏற்பட்டால் சேர்த்து வைக்க வேண்டியவை: காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி, வைத்திய அறிக்கை, எக்ஸ்ரே, விபரம் பிரித்த பில், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, விமானச் சீட்டு, மலைக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டின் அன்றைய டிக்கெட். அறிக்கை ஜெர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ வரும். ஆங்கிலத்தில் ஒன்று தர முடியுமா என்று வைத்தியசாலையை விட்டு வெளியேறும் முன்பே கேளுங்கள். ஊருக்கு வந்தபின் கேட்டு வாங்குவது பெரும்பாடு. சுவிஸில் அம்புலன்ஸ் எண் 144. மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா அமைப்பின் எண் 1414. இரண்டையும் தொலைபேசியில் பதிந்துவிட்டுப் போங்கள்.

3. எப்படி விழுவீர்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். சைக்கிளில் சரிந்தால் காலை ஊன்றுவோம். இங்கே ஊன்றக் கால் கிடையாது. ஆகவே கை போகிறது.

புதியவர் பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்காக நின்று, மேட்டுப் பக்க விளிம்பை அழுத்தியபடி மெல்ல வழுக்கி இறங்குவார். ஒரு கணம் பலகை தட்டையாகிவிட்டால் பள்ளத்துப் பக்க விளிம்பு பனியைக் கவ்வும். பலகை நின்றுவிடும், உடம்பு நிற்காது. முகம் பள்ளத்தை நோக்கி இருந்தால் முன்னால் விழுவீர்கள்: கை, முழங்கால். முதுகு பள்ளத்தை நோக்கி இருந்தால் பின்னால்: வால் எலும்பு, அதன்பின் பின்மண்டை. தடுமாறுகிறேன், சமாளிக்கிறேன் என்று உணர நேரமே இருக்காது. கதவை முகத்தில் அறைந்தது போல ஒரு நொடியில் முடிந்துவிடும்.

ஆகவே காசு போக வேண்டிய வரிசை இது: மணிக்கட்டு, தலை, பின்புறம், கண், முழங்கால். ஜாக்கெட்டின் நிறம் இந்த வரிசையில் இல்லை.

4. மணிக்கட்டுக் காப்பு

புதிதாக ஸ்னோபோர்ட் பழகுபவர்களுக்கு அதிகமாக முறிவது மணிக்கட்டுத்தான். அங்கே எக்ஸ்ரே எடுத்த தாதி என் படிவத்தைப் பார்த்து, 'முதல் நாளா?' என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை.

இந்தக் காப்பு 25 முதல் 50 ஃபிராங் வரை விலை போகிறது. எல்லா வாடகைக் கடையிலும் இது கிடைக்காது. நான் முதல் தடவை போன கடையில் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன, இது இல்லை. இருப்பதாகக் கூட யாரும் சொல்லவில்லை. ஆகவே சொந்தமாக வாங்குங்கள்.

ஸ்னோபோர்ட் மணிக்கட்டுக் காப்புக்கென்றே 2020இல் ஒரு சர்வதேசத் தரம் வந்தது: ஐஎஸ்ஓ 20320. ஒட்டுத்தாளில் அந்த எண் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரோலர் ஸ்கேட்டுக்கு விற்கும் காப்பு வேறு. அதன் உள்ளங்கைத் தகடு குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். தாருக்கும் கொங்கிரீட்டுக்கும் செய்தது. தகடு சட்டென்று முடியும் இடத்தில் விசை குவியும். முன்கைவரை நீண்டு, சற்று வளைந்துகொடுக்கும் தகடு உள்ளதாகத் தேடுங்கள்.

கையுறைக்குள் போடுவது, கையுறைக்கு மேல் கட்டுவது, கையுறையோடு சேர்த்தே தைத்தது என்று மூன்று வகை உண்டு. நான் உள்ளே போடுவதை வாங்கினேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. காப்பை ஒரு நாளும் கையுறையை இன்னொரு நாளும் வாங்கினால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. நான் கடைக்குத் திரும்பிப் போய் ஒரு அளவு பெரிய கையுறையாக மாற்றினேன். பற்றுச்சீட்டு இருந்ததால் மாற்றித் தந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு, கையை முட்டியாக மடக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மடக்க முடியாவிட்டால் அது உதவாது.

ஏன் முட்டி என்றால், விழும்போது விரலை விரித்து உள்ளங்கையை ஊன்றுவதுதான் எலும்பை முறிக்கிறது. முட்டியாக மடக்கி முன்கை முழுவதும் படும்படி விழ வேண்டும். பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சில் ஒட்டி, பின்புறமும் முதுகும் உருளும்படி விழ வேண்டும். இதை வாயால் சொல்லிக் கைக்கு ஏறாது. இரண்டாவது பயணத்துக்கு முன் உப்புவெளிக் கடற்கரையில், ஈர மணலில், பத்து நாள் மாலையில் இப்படி விழுந்து பழகினேன். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் முதல் நாள் ஓடி வந்தார்கள். மூன்றாம் நாள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் கவனிக்கவே இல்லை. பனியில் அந்தப் பழக்கம் உதவியது.

5. தலைக்கவசம்

இங்கே இருக்கும் மோட்டார் சைக்கிள் கவசத்தைக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். பாரம் கூட, பக்கப் பார்வை குறைவு, பின்னால் வருபவர் கத்துவது கேட்காது. கிரிக்கெட் கவசமும் சைக்கிள் கவசமும் வேறு அடிகளுக்குச் செய்தவை. பனிக்குரியதில் ஈஎன் 1077 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும். கனடா, அமெரிக்கா பக்கம் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்2040. ஐரோப்பியத் தரத்தில் ஏ, பி என்று இரண்டு வகுப்பு உண்டு. ஏ வகுப்பு காதுப் பக்கத்தையும் சேர்த்துக் கூடுதல் இடத்தை மூடும். பி வகுப்பு இலேசு, காற்றோட்டம் நன்றாக இருக்கும், காதும் நன்றாகக் கேட்கும். புதியவருக்கு இரண்டில் எதுவும் போதும். உள்ளே வழுக்கிக்கொடுக்கும் மெல்லிய படலம் வைத்த மிப்ஸ் வகைக்கு விலை கூடும். சாய்வாக விழும் அடியில் தலை சுழல்வதைக் குறைப்பது அதன் வேலை. காசு இருந்தால் எடுங்கள். ஆனால் தலைக்குப் பொருந்தாத மிப்ஸை விடப் பொருந்தும் சாதாரணக் கவசம் மேல்.

பொருத்தம் பார்க்கும் வழி: வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டுங்கள். நெற்றித் தோல் கவசத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். கவசம் மட்டும் தனியாக ஆடினால் பெரிது. ஐந்து நிமிடத்தில் ஒரு புள்ளியில் வலித்தால் வடிவம் சரியில்லை. பூட்டிய வாருக்கும் தாடைக்கும் இடையே ஒரு விரல் போனால் போதும்.

இனி நம் பெண்களுக்கு, கடையில் யாரும் சொல்லாத சில விடயங்கள். கொண்டை போடாதீர்கள்; அது கவசத்தைப் பின்னாலிருந்து தூக்கி நெற்றியைத் திறந்துவிடும். கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். தலையில் கிளிப் எதுவும் வேண்டாம். தோட்டைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள்: காது மூடி அழுத்தும்போது பின்னாலுள்ள சுரை எலும்பில் குத்தும், பத்து மணிக்குத் தொடங்கும் வலி இரவுவரை போகாது. தலைக்கு எண்ணெய் வைத்துப் போகாதீர்கள். பஞ்சில் ஊறிக் கண்ணாடிக்கும் இறங்கும். அந்தக் குளிரில் போத்தலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துதான் கிடக்கும் என்பதால் இந்தப் பிரச்சினை பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

ஆண்களுக்கு: கவசத்துக்குள் மங்கி கேப் போடாதீர்கள். கவசமே சூடு தரும்.

புதியது 60 முதல் 120 ஃபிராங். வாடகை நாளுக்கு 5 முதல் 10. ஓரிரு நாள் என்றால் வாடகை சரி. பழையதை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு பலத்த அடியில் நசுங்கி வேலையை முடித்துவிடும். வெளி ஓட்டில் கீறல் கூடத் தெரியாமல் இருக்கலாம். அது எங்கே விழுந்தது என்று விற்பவர் சொல்லப் போவதில்லை.

6. பின்புறமும் முழங்காலும்

பஞ்சு வைத்த உள்காற்சட்டையைக் கண்டால் சிரிப்பு வரும். போட்டால் குழந்தைக்கு நாப்பி கட்டியது போல இருக்கும். முதல் பயணத்தில் அண்ணி எடுத்துக் காட்டியபோது நானும் சிரித்தேன். மணிக்கட்டு முறிந்த அன்று இரவு உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

50 முதல் 90 ஃபிராங். வால் எலும்பில் தனியாகத் தடித்த பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இடுப்பின் இரு பக்கத்திலும் பட்டை இருந்தால் நல்லது. இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்றால் விழும்போது பட்டை வேறிடத்தில் இருக்கும். இதைப் போட்ட பிறகுதான் பனிக் காற்சட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டாவது பயணத்தில் மிகவும் உதவியது இதுதான். புதியவர் நாளில் பாதியைப் பனியில் உட்கார்ந்தே கழிக்கிறார், அதற்கும் இது மெத்தை.

முழங்காலுக்கு அங்கே காசு செலவழிக்க வேண்டாம். கரப்பந்தாட்டக்காரர் போடும் பஞ்சு முழங்கால் உறை இங்கேயே விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். காற்சட்டைக்குள் அடங்கும், கழுவலாம், மலிவு.

முதுகுத் தகட்டில் ஈஎன் 1621-2 என்ற தர எண்ணைக் காண்பீர்கள். அது மோட்டார் சைக்கிள்காரருக்காக வந்த தரம்; பனிக்கு விற்பவற்றிலும் அதுவே இருக்கும். முதல் பருவத்தில் இதற்குக் காசு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாய்ச்சல்கள் பழகும்போது பார்க்கலாம்.

7. கண்

'நாங்கள் பார்க்காத வெயிலா' என்று நினைப்பீர்கள். நானும் நிலாவெளி வெயிலில் வளர்ந்தவள்தான். உயரம் ஆயிரம் மீற்றர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடுகிறது. புதுப் பனி, விழும் புற ஊதாக் கதிரில் 80 வீதம்வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வரும் வெளிச்சத்துக்குத் தொப்பியால் மறைவு கட்ட முடியாது. கண்ணில் மணல் கொட்டியது போல எரியும் பனிக்குருடு இதனால் வருவதுதான். மூக்கின் அடிப்பகுதியும் தாடையின் கீழும் கூடக் கருகும். சன்ஸ்கிரீன் கிறீமை அங்கேயும் பூசுங்கள். கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பனிக் கண்ணாடியில் எஸ்0 முதல் எஸ்4 வரை எண் இருக்கும். எண் கூடினால் இருட்டு கூடும். எஸ்1 மப்பும் மூடுபனியுமான நாளுக்கு, எஸ்3 பளீர் வெயிலுக்கு. ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் எஸ்2. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேல் அணியும் அகலமான வகையைக் கேளுங்கள். சொந்தக் கண்ணாடியைக் கையில் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கவசத்தைப் போட்டபடி பனிக் கண்ணாடியையும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே நெற்றி தெரியக் கூடாது.

உட்பக்கத்தை விரலாலோ சேட் நுனியாலோ துடைக்காதீர்கள். ஆவி படியாமல் தடுக்கும் பூச்சு அதோடு போய்விடும். என்னுடையது இரண்டாம் நாளே அப்படிப் போனது. விலை 40 முதல் 90 ஃபிராங்.

8. உடுப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம்: வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், நீங்கள் உட்கார்ந்த அடுத்த நிமிடம் அது ஐஸ் துணியாகும். கம்பளி அல்லது பொலியெஸ்டர். உங்கள் கால்பந்துக் கழக ஜேர்சியின் நீண்ட கை வகை ஒன்றிருந்தால் அதுவே போதும். மேலே ஒரு ஃபிளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை நூல் மேற்சட்டை. அதற்கு மேல் நீர் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். இரண்டையும் உறவினரிடம் இரவல் வாங்கலாம், அவமானம் இல்லை. டெனிம் கூடவே கூடாது. காலுறை முழங்கால்வரை உயர்ந்த ஒரே ஒரு சோடி. இரண்டு சோடி போட்டால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை, விரல் பிரிந்ததை விடச் சூடு. மணிக்கட்டுக் காப்புக்கும் இடம் தரும்.

9. எப்போது வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு. சேர்த்து நாளுக்கு 40 முதல் 60 ஃபிராங் ஆனது. மணிக்கட்டுக் காப்பும் பஞ்சுக் காற்சட்டையும் சொந்தமாக. தலைக்கவசமும் கண்ணாடியும் எத்தனை நாள் என்பதைப் பொறுத்து.

விலை ஆகக் கூடிய காலம் பெப்ரவரி. பாடசாலைப் பனி விடுமுறையில் சுவிஸ் முழுவதும் மலையில் நிற்கும். கடையில் உங்கள் அளவு இருக்காது, வகுப்பில் இடம் இருக்காது. முடிந்தால் ஜனவரி நடுப்பகுதியில் அல்லது மார்ச்சில் போங்கள். பருவம் முடியும் மார்ச், ஏப்ரலில் கழிவு விற்பனை நடக்கும். அண்ணாவோ மாமாவோ அப்போதே உங்கள் அளவுக்கு வாங்கி வைத்தால் அடுத்த பயணத்துக்கு ஆகும். இலையுதிர் காலத்தில் ஊர்களில் பழைய பனிச் சாமான்களுக்கான சந்தைகள் நடக்கும். பஞ்சுக் காற்சட்டையும் ஜாக்கெட்டும் அங்கே எடுக்கலாம். கவசத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று முன்பே சொன்னேன்.

வாடகைக் கடையில் அடையாள அட்டையோ முற்பணமோ கேட்பார்கள். கடவுச்சீட்டைக் கையளிக்காதீர்கள், பிரதியைக் காட்டுங்கள், அல்லது உறவினரின் பெயரில் எடுங்கள். பலகையில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதக் காப்பு என்று நாளுக்குச் சில ஃபிராங் சேர்ப்பார்கள். அது பலகைக்கு, உங்களுக்கில்லை.

வகுப்புக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். நான் சேர்ந்த அரைநாள் குழு வகுப்பு 60 ஃபிராங் சொச்சம். முதல் பயணத்தில் மச்சான் இலவசமாகக் கற்றுத் தந்தார். அந்த இலவசம் எவ்வளவுக்கு முடிந்தது என்று மேலே படித்தீர்கள்.

10. முதல் நாள் காலை

விமானத்தால் இறங்கி இரண்டு நாளாவது தூங்கிவிட்டுப் போங்கள். அணியும் வரிசை: முதலில் கழிப்பறை. சிரிக்காதீர்கள், எல்லாவற்றையும் கட்டிய பின் கழற்ற இருபது நிமிடம் போகும். பிறகு உள்ளுடை, பஞ்சுக் காற்சட்டை, முழங்கால் உறை, காலுறை, பனிக் காற்சட்டை, சப்பாத்து. நேராக நிற்கும்போது பெருவிரல் சப்பாத்தின் முனையை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மேலே எழக் கூடாது. கடைசியில் மணிக்கட்டுக் காப்பு, கையுறை, கவசம், கண்ணாடி.

அதிகாலைப் பனி முந்தின நாள் உருகி இரவில் இறுகியது; சீமெந்துத் தரைதான். பத்து மணிக்குப் பிறகு இளகும். மதியத்துக்குப் பின் தொடை நடுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற பேச்சுத்தான் இரண்டாவது பயணத்தின் மூன்றாம் நாள் என் பின்மண்டையைப் பனிக்கட்டியில் அடித்தது. கவசம் இருந்தது. எழுந்து நின்று பெயரும் கிழமையும் சொன்னேன், அன்றைக்கு அதோடு இறங்கினேன். தலைச்சுற்று, வாந்தி, மறதி இருந்தால் வீட்டுக்கல்ல, நேரே வைத்தியரிடம்.

11. ஊருக்குக் கொண்டுவரும்போது

எல்லாவற்றையும் முழுக்கக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். கவசத்தைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். உள்ளே காலுறைகளை அடைத்தால் இடமும் மிச்சம். திருகோணமலையின் உப்புக் காற்றில் கண்ணாடியின் நுரை ஒரு மாரி காலத்திலேயே பிசுபிசுத்து உரியத் தொடங்கும், ஒட்டுப் பட்டியில் பூஞ்சணம் ஏறும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

என் மணிக்கட்டுக் காப்பும் பஞ்சுக் காற்சட்டையும் இந்த வருடம் பெரியம்மாவின் மகளோடு நோர்வேக்குப் போயிருக்கின்றன. அளவு சரியாக இருந்தது. கவசத்தையும் கேட்டாள், கொடுக்கவில்லை. அடிபட்டது அடிபட்டதுதான். அது இப்போது கிணற்றடியில் தலைகீழாகத் தொங்குகிறது; அம்மா அதற்குள் உடுப்புக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்.